தாளில் எழுதாத நோய்

நல்ல இடமாகப் பார்த்து நாய்க்குட்டி வாங்க நினைப்பவர் விற்பவரிடம் முதலில் கேட்பது "பேப்பர் இருக்கிறதா?" என்றுதான். பேப்பர் என்றால் கென்னல் கிளப் தரும் வம்சச் சான்றிதழ். தாய், தகப்பன், பாட்டன், பாட்டி என்று மேலே போகும் பெயர்ப் பட்டியல் அது. பட்டியல் இருந்தால் குட்டி அசல். அசல் என்று தெரிந்துவிட்டால், நோய்நொடி இல்லாதது என்றும் மனம் தானாகவே ஒரு படி தாவிவிடுகிறது. இந்தத் தாவலுக்கு வரலாற்றில் எந்த ஆதாரமும் இல்லை. நாய்களின் வம்சத்தைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் பிரிட்டனில் தொடங்கிச் சுமார் 150 ஆண்டுகள் ஆகின்றன. கண்காட்சியில் ஆள்மாறாட்டம் நடக்காமல் தடுப்பதற்காக வந்த வழக்கம் அது; நோயைப் பற்றி அதைத் தொடங்கியவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. போகப்போக, சில இனங்களில் பரம்பரை நோய் அசையாமல் உட்கார்ந்துகொள்ள அந்தப் பதிவேடே இடம் கொடுத்தது. ஆகவே பொறுப்பான பிரீடரைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்வியை ஒரு மனிதரின் நாணயத்தைப் பற்றியதாக மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி விடைதான் கிடைக்கும். அவர் கையில் இருக்கும் பதிவேடு எப்படிப்பட்டது, அதில் எதை எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்பதுதான் மீதி.

1859 ஜூன் மாதம் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்தது முறையான முதல் நாய்க் கண்காட்சி என்பார்கள். வந்தவை 60 நாய்கள். எல்லாம் பாயின்டர், செட்டர் என்ற இரண்டு வகை வேட்டை நாய்கள். பரிசு துப்பாக்கி. காட்டில் பறவையை மோப்பம் பிடித்துக் காட்டுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாய்களை அன்று ஒரு கூடத்தில் நிறுத்தி, அழகு பார்த்து மதிப்பெண் போட்டார்கள். அதற்குப் பின் கண்காட்சிகள் பெருகின. பரிசு பெற்ற நாய்க்கும் அதன் குட்டிகளுக்கும் விலை ஏறியது. விலை ஏறியதும் மோசடியும் வந்தது. ஒரே பெயரில் பல நாய்கள் இருந்ததால் வென்றது எது, தோற்றது எது என்பதிலேயே குழப்பம். 1873ல் சூவாலிஸ் ஷர்லி என்பவர் முன்னின்று லண்டனில் கென்னல் கிளப்பைத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். 1874ல் வந்த அதன் முதல் வம்சப் புத்தகம் 1859 முதல் நடந்த கண்காட்சிகளில் கலந்துகொண்ட 4,027 நாய்களைப் பட்டியலிட்டது. 1880ல் பெயர்ப் பதிவு வந்தது. அதன் முதல் நோக்கம் இரண்டு நாய்களுக்கு ஒரே பெயர் வராமல் பார்ப்பது. அன்றைக்கு நேர்மையான பிரீடர் என்றால் தன் நாயின் தகப்பன் யார் என்று பொய் சொல்லாதவர், அவ்வளவே. அந்தக் காலத்துக்கு அது சிறிய விஷயமல்ல. ஆனால் நாயின் கண் தெரிந்ததா, காது கேட்டதா, எந்த வயதில், எதனால் செத்தது என்பதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு பத்தி கூட ஒதுக்கப்படவில்லை.

பதிவேட்டில் இடம்பெற்ற நாய்களின் வாரிசுகளே இனி அந்த இனம் என்ற விதி மெல்ல இறுகியது. வெளியிலிருந்து ரத்தம் வரும் கதவு சாத்தப்பட்டது. உள்ளேயோ, பரிசு வென்ற ஒரு பொலிநாயிடம் ஊரே வரிசையில் நிற்கும். அடுத்த தலைமுறையில் பாதிக் குட்டிகள் ஒன்றுக்கொன்று அண்ணன் தங்கை ஆகிவிடும். இதன் விளைவை எண்ணிக்கையில் காட்டிய ஆய்வு 2008ல் வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பிரிட்டனின் கென்னல் கிளப் பதிவுகளை வைத்தே 10 இனங்களை ஆராய்ந்தார்கள். ஆயிரக்கணக்கில் நாய்கள் இருந்தும், மரபணு வளத்தைப் பொறுத்தவரை இரண்டு இனங்கள் நீங்கலாக மற்றவை வெறும் 40 முதல் 80 நாய்கள் கொண்ட கூட்டத்துக்கே சமம் என்று கண்டார்கள். கிரேஹவுண்டைத் தவிர ஒவ்வோர் இனத்திலும் மிக நெருங்கிய உறவில் பிறந்த நாய்கள் இருந்தன. ஒரு குறையுள்ள மரபணு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் பெரும்பாலான பரம்பரை நோய்கள் வெளியே தெரியும். சேராதவரை அது ஒளிந்தே பயணம் செய்யும். உறவுக்குள்ளேயே இணை சேர்ப்பது அது சேர்வதற்கான வாய்ப்பைக் கூட்டும். பதிவேட்டை எழுதியவர்களுக்கு இந்த விதி தெரிந்திருக்க வழியில்லை. மெண்டலின் கட்டுரை 1866லேயே அச்சேறிவிட்டது. உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது 1900ல். அறியாமல் செய்ததற்கு அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. அறிந்த பின்னும் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கு டால்மேஷன் நாயின் கதையை விடத் தெளிவான சாட்சி இல்லை.

வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷன், குதிரை வண்டியோடு ஓடிய நாய். 1916 வாக்கில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் அதன் சிறுநீரில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மற்ற நாய்கள் யூரிக் அமிலத்தை அலன்டாயின் என்ற எளிதில் கரையும் பொருளாக மாற்றி வெளியேற்றும். டால்மேஷன் யூரிக் அமிலமாகவே வெளியேற்றுகிறது. அது கரையாமல் படிந்து கல்லாகும். ஆண் நாயின் சிறுநீர்க்குழாய் ஓர் எலும்பின் பள்ளத்தின் ஊடே ஒடுங்கிப் போவதால், கல் அங்கே சிக்கினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். உடனே மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. 1938ல் கீலரும் ட்ரிம்பிளும் டால்மேஷனை கோலி இன நாயோடு சேர்த்துப் பார்த்து, இது மெண்டல் சொன்ன விதிப்படி ஒடுங்கி வரும் குறை என்று எழுதினார்கள். சிக்கல் அதற்கு மேல்தான் இருந்தது. பதிவு பெற்ற டால்மேஷன்களில் குறையில்லாத மரபணு கொண்ட நாய் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அழுத்தமான, தெளிவான புள்ளியைத் தேடித் தேடித் தேர்ந்தெடுத்தபோது இந்தக் குறையும் ஒட்டிக்கொண்டு வந்து நிலைத்திருக்கலாம் என்று மரபியலாளர்கள் கருதினார்கள். எப்படியோ, இனம் முழுவதும் ஒரே நிலை. இந்த நிலையில் உலகத்திலேயே உத்தமமான பிரீடரிடம் போனாலும் குறையில்லாத டால்மேஷன் குட்டி கிடைக்காது. தேர்ந்தெடுக்க ஏதாவது இருந்தால்தானே தேர்ந்தெடுக்க முடியும்?

1973ல் ராபர்ட் ஷேபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் டால்மேஷனை ஒரு பாயின்டரோடு ஒரே ஒரு முறை சேர்த்தார். பிறந்தவற்றில் குறையில்லாத மரபணு கொண்டவற்றைத் தேர்ந்து, தலைமுறைதோறும் டால்மேஷனோடு மட்டுமே சேர்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் பாயின்டர் ரத்தம் பாதியாகக் குறையும். அவர் காப்பாற்ற நினைத்தது அந்த ஒற்றை மரபணுவை மட்டும். 1981ல் ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்த இரண்டு நாய்களை அமெரிக்கன் கென்னல் கிளப் பதிவு செய்தது. டால்மேஷன் கிளப் உறுப்பினர்கள் கொதித்தார்கள். புள்ளி கெட்டுவிடும், குணம் கெட்டுவிடும், இன்னும் என்னென்ன நோய் வருமோ என்றார்கள். மேற்கொண்டு பதிவு நின்றுபோனது. எதிர்த்தவர்கள் நாயை வெறுத்தவர்கள் அல்லர். தங்கள் இனத்தின் மீது உயிரையே வைத்திருந்தவர்கள். அதுதான் விஷயம். இனத்தின் மீதுள்ள பற்று, அந்த இனத்து நாயின் மீதுள்ள அக்கறையைத் தோற்கடிக்க முடியும். 2008ல் கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் டானிகா பன்னாஷ் குழுவினர் பொறுப்பான மரபணுவை, எஸ்.எல்.சி.2ஏ9 என்பதை, அடையாளம் கண்டார்கள். ஒரு சொட்டு ரத்தத்தில் சோதித்துவிடலாம் என்ற நிலை வந்தது. 2010ல் பிரிட்டனின் கென்னல் கிளப் ஷேபிள் வழிவந்த ஃபியோனா என்ற பெண் நாயைப் பதிவு செய்தது. 2011ல் அது கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் கலந்துகொண்டது. அதே ஆண்டு அமெரிக்கக் கிளப்பும் கதவைத் திறந்தது. குறை கண்டுபிடிக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. தீர்வு கையில் வந்தும் முப்பது ஆண்டுகள் அது வாசலில் நின்றது. இதற்கிடையே கல் அடைத்துத் துடித்த நாய்களுக்கெல்லாம் முறையான பேப்பர் இருந்தது.

டால்மேஷனின் காது இன்னொரு கதை. அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் சோதித்த டால்மேஷன்களில் சுமார் 30 விழுக்காட்டுக்கு ஒரு காதோ இரு காதுகளுமோ கேட்கவில்லை. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் செல்கள் உட்காதிலும் வேலை செய்கின்றன. அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் நரம்பு முனைகள் அழிந்துபோகும். உடம்பில் வெள்ளையை அதிகமாக்கும் தேர்வு, காதிலிருந்தும் நிறச் செல்களை விரட்டுகிறது. டால்மேஷன் குட்டி வெள்ளையாகப் பிறக்கும், புள்ளி பின்னால்தான் வரும். சில குட்டிகள் மட்டும் பிறக்கும்போதே காதின் மேலோ தலையிலோ பெரிய கறுப்புத் திட்டோடு வரும். அந்தத் திட்டுக் குட்டிகளில் செவிடு குறைவு என்பதையும் ஸ்ட்ரெய்னின் ஆய்வுகள் காட்டின. கண்காட்சி விதியோ திட்டு உள்ள நாயைத் தகுதியற்றது என்று தள்ளியது. நன்றாகக் காது கேட்க வாய்ப்புள்ள குட்டியைப் பிறந்த அன்றே ஒதுக்கும்படி விதியே சொல்லிக்கொடுத்தது என்று பொருள். நீலக் கண் உள்ள நாய்களில் செவிடு அதிகம். நீலக் கண்ணைக் குறையாகத் தள்ளிய பிரிட்டனில் செவிட்டு விகிதமும் அமெரிக்காவை விடக் குறைவு. விதியின் ஒரு வரி இப்படி மாறினாலே காதுகளின் கணக்கு மாறிவிடுகிறது.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு வரும். பிரீடர்கள் என்ன, கைகட்டியா நின்றார்கள் என்று கேட்கலாம். இல்லை. பிரிட்டனில் ஐரிஷ் செட்டர் வளர்த்தவர்களின் வரலாறு அவர்கள் பக்கம் நிற்கிறது. அந்தச் சிவந்த நாய்களில் இரவுப் பார்வை முதலில் போய், பிறகு முழுக் குருடாகும் விழித்திரை நோய் பரவியிருந்தது. மரபணுச் சோதனை என்ற பேச்சே இல்லாத காலம். நோயை வெளிக்காட்டாமல் சுமக்கும் நாயைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அதை ஏற்கெனவே குருடான நாயோடு சேர்த்து, ஈத்து முழுவதையும் வளர்த்துப் பார்ப்பது. ஒரு குட்டி குருடானாலும் அந்த நாய் நோய் சுமப்பது. தன் பெருமைக்குரிய சாம்பியனை அதன் உடைமையாளர் அன்றோடு இனப்பெருக்கத்திலிருந்து நிறுத்த வேண்டும். 1940களில் ஐரிஷ் செட்டர்காரர்கள் இதைச் செய்தார்கள். நோயைக் கிட்டத்தட்ட ஒழித்தும் விட்டார்கள். பொறுப்பு என்ற சொல்லுக்கு இதை விட நல்ல உதாரணம் நாய் உலகில் குறைவு. ஆனாலும் இதில் கவனிக்க வேண்டியது, இதை எந்தத் தனி ஆளும் தன் கொட்டிலுக்குள் செய்து முடிக்கவில்லை என்பது. சோதனையின் முடிவு எல்லாருக்கும் தெரிந்தது. எந்த நாய் சுமப்பது என்று பெயர் சொல்லிப் பேசினார்கள். முடிவை மூடி வைத்திருந்தால் பக்கத்து ஊர்க்காரர் அதே வம்சத்தில் பெண் நாயைக் கொண்டுபோய் விட்டிருப்பார்.

"இனி ரத்தச் சோதனை இருக்கிறது, சுமக்கும் நாய்களையெல்லாம் ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது" என்று வாதிடுவோருக்கு பசென்ஜி இனம் பதில் வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் காங்கோப் பகுதியிலிருந்து மேற்கு நாடுகளுக்குப் போன இந்த நாய்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மூதாதைகளிலிருந்து பெருகியவை. அவற்றில் ரத்தச் சிவப்பணு சிதையும் சோகை நோய் ஒன்று வந்தது. அதைச் சுமக்கும் நாய்களைச் சோதனையில் கண்டறிந்து, பிரீடர்கள் மும்முரமாக ஒதுக்கினார்கள். சோகை அடங்கியது. ஒதுக்கலில் இனம் மேலும் சுருங்கியதும், மிஞ்சிய வம்சங்களில் ஃபான்கோனி என்ற சிறுநீரக நோய் தலைதூக்கியது. ஒரு வாசலில் விரட்டியதை இன்னொரு வாசலில் வரவேற்ற மாதிரி ஆயிற்று. கடைசியில் உதவியது ரத்தத்தைச் சுத்திகரிப்பதல்ல, புது ரத்தம். 1990ல் அமெரிக்கன் கென்னல் கிளப், பசென்ஜி ஆர்வலர்கள் ஆப்பிரிக்காவுக்கே போய்க் கொண்டுவந்த நாய்களைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. நோய் சுமக்கும் நாயை ஒரேயடியாக விலக்காமல், சுமக்காத நாயோடு சேர்த்து, அடுத்த ஈத்தில் நல்ல குட்டியைத் தேர்ந்தெடுப்பதே அறிவுள்ள வழி என்ற பாடத்தை மரபியலாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அப்படிச் செய்யும் பிரீடர் வாங்க வருபவரிடம், "இந்தக் குட்டியின் தாய் அந்த மரபணுவைச் சுமக்கிறது" என்று சொல்ல நேரும். கேட்பவர் பயந்து, "எங்களிடம் எந்த நோயும் கிடையாது" என்று சொல்லும் அடுத்த வீட்டுக்காரரிடம் போவார். உண்மை சொன்னவருக்கு வியாபார நஷ்டம். வாங்குபவர்களின் அறியாமை நல்ல பிரீடரைத் தண்டிக்கும் இடம் இது. குற்றத்தை முழுவதும் விற்பவர் தலையில் கட்ட முடியாது என்பதற்கு இதுவே போதும்.

தெருநாயை எடுத்து வளர்த்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்பது அடுத்த வாதம். எடுத்து வளர்ப்பது நல்ல காரியம்தான். ஆனால் அதற்கான காரணமாக உடல்நலத்தைச் சொன்னால் சான்று முழுமையாகத் துணைநிற்காது. டேவிஸ் பல்கலைக்கழகம் 2013ல் வெளியிட்ட ஆய்வு, பரம்பரைக் கோளாறு கண்ட 27,254 நாய்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்து 24 கோளாறுகளை ஒப்பிட்டது. 10 கோளாறுகள் இன நாய்களில் அதிகம். 13ல் வேறுபாடு இல்லை. முழங்கால் தசைநார் அறுவது ஒன்று மட்டும் கலப்பு நாய்களில் அதிகம். கலப்பில் பிறப்பது கவசமல்ல. அதே நேரத்தில் அந்தப் பத்தும் பொருட்படுத்தத் தக்கவையே; அவற்றில் இதய நோய்கள் உண்டு. இனங்களே வேண்டாம் என்று சொல்ல இந்த ஆய்வு இடம் தரவில்லை. எந்த இனத்தில் எது குறை என்று கேட்காமல் வாங்கலாம் என்று சொல்லவும் இடம் தரவில்லை.

கிளப்புகள் தாமாகத் திருந்தினவா என்றால், தள்ளிவிட்டபோது நகர்ந்தன என்பதே சரி. 2008 ஆகஸ்டில் பி.பி.சி. ஒளிபரப்பிய, ஜெமைமா ஹாரிசன் எடுத்த ஆவணப்படம், பரிசு பெற்ற நாய்களின் வலியைப் பொதுமக்கள் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கிரஃப்ட்ஸை பி.பி.சி. ஒளிபரப்பவில்லை. தாய்க்கும் மகனுக்கும், அண்ணனுக்கும் தங்கைக்கும் பிறந்த குட்டிகளைப் பதிவதில்லை என்ற விதி 2009ல்தான் வந்தது. வம்சப் புத்தகம் வெளிவந்து 135 ஆண்டுகளுக்குப் பிறகு! 2010 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் விலங்கியலாளர் பாட்ரிக் பேட்சன் தனி விசாரணையின் அறிக்கையை வெளியிட்டார். நார்வேயில் விவகாரம் நீதிமன்றத்துக்கே போனது. கவேலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் இனத்தில் இதய வால்வு நோயும், மண்டையோடு மூளைக்குப் போதாமல் தண்டுவடத்தில் நீர் கோக்கும் நோயும் மிகப் பரவலாக இருப்பதால் அதை உள்ளுக்குள்ளேயே பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு மாறானது என்று 2022ல் ஆஸ்லோ நீதிமன்றம் சொன்னது. 2023ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நோய் ஓர் இனத்தில் ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால், தனிப்பட்ட பிரீடரின் நல்லெண்ணம் சட்டத்தின் முன்னும் சாக்காகாது என்பதே அதன் சாரம்.

நம் ஊருக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை என்று தெற்கே வளர்ந்த நாய்களுக்கு நெடுங்காலம் எழுத்தில் வம்சப் புத்தகம் கிடையாது. வேட்டையே தேர்வு. முயலைத் துரத்திப் பிடிக்காத நாயை யாரும் இணை சேர்க்கக் கூப்பிட மாட்டார்கள்; கண் மங்கியதும் இடுப்பு விழுந்ததும் கரிசல் காட்டில் தானாகத் தோற்கும். 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது, சரியாகவே. ஆனால் அதோடு ஓட்டத்தில் சோதிக்கும் அந்தத் தேர்வும் நாளடைவில் போனது. அந்த இடத்தில் தோற்றம் வந்து உட்கார்ந்தது. நியூகாசில் கூடத்தில் 1859ல் செட்டருக்கு நடந்ததுதான் இங்கும் நடந்தது, ஒரு நூற்றாண்டு தாமதமாக. 2005ல் ராஜபாளையத்துக்கு அஞ்சல்தலை வந்தது; 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் நாட்டு இனங்கள் மீது ஆர்வம் பொங்கியது; 2020ல் பிரதமர் வானொலி உரையில் இந்த இனங்களின் பெயரைச் சொன்னதும் தேவை இன்னும் கூடியது. தேவை கூடும்போது அவசரமாகக் குட்டி போட வைப்பவர்களும் கூடுவார்கள்.

ராஜபாளையம் நாய்க்குப் பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அழகு என்று வைத்திருக்கிறோம். இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு என்பதை வளர்ப்பவர்களும் கால்நடை மருத்துவர்களும் அறிவார்கள். டால்மேஷனில் வெள்ளையும் செவிடும் கைகோத்து வந்ததை அறிந்த பிறகு, இங்கும் அதே வழியைச் சந்தேகிக்காமல் இருக்க முடியாது. நிறத்தோடு பிறக்கும் குட்டியைக் கழிவென்று ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம், டால்மேஷன்காரர்கள் திட்டுக் குட்டியை ஒதுக்கிச் செய்த தவறு திரும்ப நடக்கிறது.

சட்டம் ஓரளவு வந்திருக்கிறது. 2017ன் மத்திய அரசு விதிகள், குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, 18 மாதம் நிரம்பாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது என்கின்றன. 2024ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், பிரெஞ்சு புல்டாக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உட்பட 11 வெளிநாட்டு இனங்களை இங்கே பெருக்கக் கூடாது என்றது. மூச்சுத் திணறும் தட்டை மூக்கும், பனிக்காட்டு ரோமமும் சென்னை வெயிலில் படும் பாட்டை நினைத்தால் அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் இந்த இனம் கூடாது, இந்த வயது கூடாது என்று சொல்வது எளிது. கூடும் என்று விட்ட இனத்துக்குள் ஒளிந்து வரும் குறைக்குப் பதிவேடு வேண்டும். சோதனைக்குச் செலவாகுமே, விருதுநகர் மாவட்டத்துக் கிராமத்தில் இரண்டு நாய் வைத்திருப்பவர் காதில் ஒலி எழுப்பி மூளையின் மின்னலையைப் பதியும் கருவிக்கு எங்கே போவார் என்ற எதிர்ப்பு நியாயமானதே. அந்தச் சுமை அவருடையதாக இருக்கக் கூடாது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் துறையும் ஏற்க வேண்டியது அது. அதுவரை காசில்லாமல் கிடைக்கும் தகவல்கள் உண்டு. ஈத்தில் எத்தனை குட்டி, எத்தனைக்குக் காது கேட்கவில்லை, அந்தக் குட்டிகள் என்ன ஆயின, பாட்டனும் பாட்டியும் எத்தனை வயதில் எதனால் செத்தன, தாயும் தகப்பனும் எவ்வளவு நெருங்கிய உறவு. வாங்கப் போகிறவர் இவற்றைக் கேட்கலாம். "எங்களிடம் குறையே கிடையாது" என்பவரை விட, "போன ஈத்தில் ஒன்று செவிடு, இந்த முறை தகப்பனை மாற்றினேன்" என்பவரிடம் வாங்குவது மேல்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா ராஜபாளையத்தைப் பதிகிறது. மற்ற உள்நாட்டு இனங்களின் பதிவுகளும் இப்போதுதான் பெருகி வருகின்றன. கிராமங்களில் பேப்பர் இல்லாத நல்ல நாய்கள் இன்னும் ஏராளம். அவற்றுக்குப் பதிவேட்டின் கதவைத் திறந்தே வைப்பதும், பெயருக்கும் நிறத்துக்கும் பக்கத்தில் காதுக்கும் கண்ணுக்கும் சாவின் காரணத்துக்கும் தலா ஒரு பத்தி சேர்ப்பதும் இப்போது ஒரு படிவத்தைத் திருத்தும் வேலை மட்டுமே. கதவைச் சாத்திவிட்டால், அதையே செய்ய ஷேபிளுக்கு ஆனதுபோல் முப்பது நாற்பது ஆண்டு ஆகும்.